கொழும்பைச் சுற்றிச் சைக்கிளில் ஏறத்தக்க கடினமான ஏற்றங்கள் எங்கே உள்ளன?

கேள்வி – வெள்ளவத்தைவாசி

அனைவருக்கும் வணக்கம். வேலை நாட்களில் விடியுமுன் மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடல் வரை சென்று திரும்புவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹைலெவல் வீதியில் அவிசாவளைப் பக்கம் போய் வருவதும் என் வழக்கம். சமதரையில் நீண்ட தூரம் மிதிப்பது இப்போது சிரமமாக இல்லை. அடுத்த ஆண்டு கொழும்பிலிருந்து நுவரெலியா வரை சைக்கிளிலேயே ஏற வேண்டும் என்பது என் பெருவிருப்பம். ஆனால் நம் ஊர் கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. புதுக்கடை நீதிமன்றங்கள் நிற்கும் மேடும் கொட்டாஞ்சேனை மேடும், மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில், உண்மையாகவே உடலைச் சோதிக்கும் ஏற்றங்கள் எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். என் வண்டியின் மிக இலகுவான கியர் முன்னே 39 பற்கள், பின்னே 25 பற்கள்.

பதில் – கண்டி வீதிப் பயணி

தம்பி, முதலில் எந்த வகைக் கடினத்தைத் தேடுகிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் முதன்மையான மலைவீதிகள் ஆங்கிலேயர் ஆட்சியில் மாட்டுவண்டிகளும் குதிரைவண்டிகளும் ஏறுவதற்காக வெட்டப்பட்டவை. ஆகவே அவை மலையை நேராக எதிர்கொள்ளாமல், வளைந்து வளைந்து, பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து, ஆறு என்ற சாய்விலேயே, அதாவது நூறு மீற்றர் போனால் ஐந்தாறு மீற்றர் என்ற அளவில், உயர்கின்றன. அவற்றின் கடினம் நீளத்தில்தான் இருக்கிறது. செங்குத்தான ஏற்றம் வேண்டுமென்றால் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குள் ஏறும் பாதைகளையும், குன்றின் மேலுள்ள விகாரைகளுக்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கும் செல்லும் குறுகிய வீதிகளையும் தேட வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில், சம உயரக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தை ஒரு வீதி குறுக்கே வெட்டிச் செல்கிறதா என்று பாருங்கள். கைப்பேசிச் செயலிகளின் தரவரிசைகளை விட அது நம்பகமானது, ஏனெனில் யாரும் இன்னும் ஓட்டாத பாதையையும் அது காட்டிவிடும்.

நீளமான ஏற்றத்துக்கு என் முதல் பரிந்துரை கடுகண்ணாவை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், மாவனெல்லையைக் கடந்ததும் கண்டி வீதி உயரத் தொடங்கி, டோசன் கோபுரம் நிற்கும் கணவாயில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் முடிகிறது. அருகே ஏறும் ரயில் பாதையின் சாய்வு 45க்கு 1, அதாவது நூற்றுக்கு இரண்டே கால் கூட இல்லை. வீதியோ அதைப் போல் இரு மடங்குக்கும் மேல் சாய்ந்தது. முதன்முறையாக மலை ஏறுகிறவருக்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் இல்லை, ஏனென்றால் சாய்வு அதிகம் மாறுவதில்லை. தொடக்கத்தில் அளவுக்கு மீறி வேகம் எடுத்தவரை அது கடைசி வளைவுகளில் தவறாமல் கண்டுபிடித்துவிடும்.

கொழும்பிலிருந்து அங்கே மிதித்துச் சென்று கால்களை வீணாக்க வேண்டாம். கோட்டையிலிருந்து றம்புக்கனை வரை காலை ரயிலில் போங்கள். துவிச்சக்கரவண்டியைப் பார்சலாக ஏற்றுவது பற்றி முதல் நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். றம்புக்கனையிலிருந்து மாவனெல்லை கிட்டத்தான்.

பதில் – நாரஹேன்பிட்டி மெக்கானிக்

முந்திய பதிலில் கியர் பற்றி ஒன்றும் இல்லை. அதுதான் இந்தக் கேள்வியின் பாதி. கணக்கைப் பாருங்கள். நீங்களும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்துச் சாய்வில் மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் சுமார் 175 வாட் தேவை. அந்த வேகத்தில் 39க்கு 25 என்ற உங்கள் கியரில் கால்கள் நிமிடத்துக்கு நாற்பது சுற்றுத்தான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் படியில் மூட்டை தூக்குவது போல் முழங்காலில் இறங்கும். முன்னே 34, பின்னே 32 என்று மாற்றினால் அதே வேகத்தில் அறுபது சுற்று கிடைக்கும். உழைப்பு ஒன்றேதான், அது மூட்டிலிருந்து மூச்சுக்கு மாறுகிறது. பின்பக்க டிரெய்லியர் (சங்கிலியைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் மாற்றும் கருவி) 32 பற்களைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள், தாங்காவிட்டால் நீண்ட கூண்டுள்ளதாக மாற்ற வேண்டும், சங்கிலியும் நீளமாக வேண்டும்.

வார நாட்களுக்கு ஒன்று சொல்கிறேன். தெஹிவளை மேம்பாலமும் ராஜகிரிய மேம்பாலமும் சில மீற்றர் உயரமே என்றாலும், வாகனங்கள் குறைந்த அதிகாலையில் இருக்கையை விட்டு எழாமல் திரும்பத் திரும்ப ஏறினால் தொடைகளுக்கு வேலை கிடைக்கும். அதைவிடப் பயனுள்ளது மரைன் டிரைவில் தென்மேற்குக் காற்று எதிர்த்து வீசும் மாதங்கள். கனமான கியரில், மெதுவான சுழற்சியில், இருபது நிமிடம் நிறுத்தாமல் காற்றுக்கு எதிரே மிதியுங்கள். மலை கேட்கும் பொறுமையை அது ஓரளவு கற்றுத் தரும். ஓரளவு என்றுதான் சொல்கிறேன்: காற்று நின்றால் சைக்கிள் உருளும், மலையில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும்.

பதில் – அட்டன்காரி

வணக்கம். நான் அட்டனில் பிறந்து வளர்ந்து, இப்போது வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன். நீங்கள் நுவரெலியாவைக் குறியாக வைத்திருப்பதால், கடுகண்ணாவையோடு நிறுத்தாமல் எங்கள் பக்க வீதியையும் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அவிசாவளையில் தொடங்கும் ஏ7 வீதி எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வரை களனி கங்கையை ஒட்டித் தாழ்வாகவே செல்கிறது; கித்துல்கலையைக் கடந்த பின்னர்தான் கினிகத்தேனையை நோக்கிய உண்மையான ஏற்றம் ஆரம்பமாகிறது. அதன் பிறகு வட்டவளையைக் கடந்து அட்டனை அடையும்போது 1,200 மீற்றருக்கு மேல் வந்திருப்பீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பதால் அட்டனில் உங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. தலவாக்கலையைத் தாண்டியதும் ரதல்ல குறுக்கு வீதி வரும். இந்த வழியில் மிகச் செங்குத்தான பகுதி அதுதான். ஒரு நாள் பயிற்சிக்குக் கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வரை ஏறித் திரும்பினாலே போதுமானது.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இறக்கத்தைப் பற்றி. மலையேற்றம் பற்றிக் கேட்பவர்கள் இறங்குவதைப் பற்றிக் கேட்பதில்லை. அதே ரதல்ல வீதியில் 2023 ஜனவரியில் பேருந்து ஒன்று வேனுடன் மோதி ஏழு பேர் உயிரிழந்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் ரிம் சூடேறி ரியூப் வெடிக்கலாம், டிஸ்க்காக இருந்தால் பிடிமானம் குறையலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிறகு பிரேக்கை விட்டு, மீண்டும் பிடிக்கப் பழகுங்கள். வளைவின் உட்பக்கத்தை வெட்டிச் செல்லாதீர்கள். எதிரே வரும் பேருந்துச் சாரதிக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். பகலிலும் பின் விளக்கு எரியட்டும், ஏனெனில் மூடுபனி கேட்டுக்கொண்டு வருவதில்லை.

மழையையும் இலேசாக எடுக்க வேண்டாம். வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீதி காய்வதே அரிது. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் உங்களுக்கு ஏற்ற காலம். 2025 நவம்பரில் பகல கடுகண்ணாவையில் மண்மேடு சரிந்து உயிர்கள் போயின. அடுத்த நாட்களில் டித்வா புயல் மலையகத்தின் பல வீதிகளைப் பிளந்துவிட்டது. ஆகவே புறப்படும் முன்தினம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பதைக் காற்றடிக்கும் பம்பை எடுத்து வைப்பது போன்றே கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் கியரை மாற்றிவிட்டு, ஜனவரியில் றம்புக்கனை வரை ரயிலில் சென்று கடுகண்ணாவையை ஏறிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: மாதத்தில் ஒரு முறைக்கு மேல் அவ்வளவு தூரம் செல்ல எனக்கு இயலாது. இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளுக்கு, போய்வர மொத்தம் நூறு கிலோமீற்றர் அளவில் ஏதாவது உண்டா?

பதில் – கண்டி வீதிப் பயணி

உண்டு. பாதுக்கைக்கு அப்பால் வாகையைக் கடந்து, கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் பக்கம் போங்கள். பெரிய மலை கிடையாது. ஆனால் இறப்பர்த் தோட்டங்களுக்கிடையே சிறு சிறு ஏற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் கால்கள் ஓய்வு காண்பதில்லை. ஹைலெவல் வீதியில் நீங்கள் ஏற்கெனவே அவிசாவளைப் பக்கம் செல்வதால் பாதையின் பாதி உங்களுக்குப் பழக்கமானது. நீர்த்தேக்க வளாகங்களுக்குள் நுழைய அனுமதி தேவை. வெளி வீதிகளே பயிற்சிக்குப் போதும். ஹங்வெல்லைக்குப் பிறகு கடைகள் குறையும், தண்ணீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.