ரொஸ்கில்டே இசை விழாவில் வாலண்டியராகப் போகலாமா?

குளிரில்நடுங்கி:
கோபன்ஹேகனில் முதுகலை படிக்கிறேன், வந்து பத்து மாதம் ஆகிறது. ரொஸ்கில்டே விழாவுக்கு டிக்கெட் வாங்கக் கையில் காசு இல்லை. வாலண்டியராகச் சேர்ந்து 32 மணி நேரம் வேலை பார்த்தால் விழா முழுவதும் இருக்கலாம் என்று வகுப்புத் தோழி சொன்னாள். டேனிஷில் எனக்கு நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் மட்டும்தான் தெரியும். மாணவர் விசாவில் சிக்கல் வருமா? வேலைக்கு நடுவே பாட்டுக் கேட்க முடியுமா? கூடாரத்தில் தூங்கியதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரைப்பொண்ணு:
தம்பி, தாராளமாகப் போங்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை, பாட்டு காதில் விழுமே என்று விழாவின் பெரிய மேடையான ஆரஞ்சு மேடைக்குப் பக்கத்து பர்கர் கடையைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளி ராத்திரி எட்டு மணி நேரம் வெங்காயம் நறுக்கினேன். பேஸ் சத்தத்துக்கு வெட்டுப்பலகை அதிர்ந்தது. பாடியது யார் என்று மறுநாள்தான் தெரிந்தது! கடையை நடத்தியது ஒரு சின்ன ஊரின் கைப்பந்துச் சங்கம். அங்கே நிறையக் கடைகள் அப்படித்தான். அப்பா அம்மாக்கள் சம்பளமில்லாமல் நிற்பார்கள், வருகிற காசு பிள்ளைகளின் விளையாட்டுக்குப் போகும். விழாவையே 1972இலிருந்து லாபநோக்கமில்லாத அமைப்புதான் நடத்துகிறது. ஏறக்குறைய 30,000 வாலண்டியர்கள். நம் ஊர்க் கல்யாணப் பந்தி மாதிரி, யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்றே தெரியாது.

இரண்டாம் முறை புத்தி வந்தது. முகாம் சனிக்கிழமையே திறந்துவிடும், பெரிய மேடைகள் புதன்கிழமைதான் தொடங்கும். அந்த இடைவெளியிலேயே என் ஷிஃப்ட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி முடித்துவிட்டேன். ஷிஃப்ட் போடுபவருக்குச் சீக்கிரம் எழுதுங்கள், இந்த நாட்களுக்கு அடிதடி உண்டு.

மொழிக்கு ஆங்கிலம் போதும். ஒரே ஒரு வார்த்தை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: பேன்ட். டப்பா, பாட்டிலுக்கான டெபாசிட் காசு. முதல் நாள் ஒரு பையன் "பேன்ட்?" என்று கேட்டதும் பதறிப்போய்க் குனிந்து பார்த்துக்கொண்டேன். பாவம், அவன் கேட்டது என் கையிலிருந்த காலி டப்பாவை. அதைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு குரோன.

ஜூட்லாந்துக்காரன்:
தம்பி, விசா பற்றி: ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மாணவர்கள் முழுநேரமும் வேலை பார்க்கலாம். விழா வருவது ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும். ஆகவே இதை வேலை என்றே எடுத்தாலும் மணிக்கணக்கு இடிக்காது. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் ஒருதரம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

என்ர மகள் மேடை முன்னால் தடுப்புக்குப் பின் நின்று சனத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற குழுவில் இருந்தவள். 2000ஆம் ஆண்டு பேர்ல் ஜாம் என்ற ராக் இசைக்குழு பாடும்போது நெரிசலில் ஒன்பது பேர் செத்த இடம் அது. அந்தக் குழுவுக்குப் பயிற்சி எல்லாம் உண்டு. பாட்டு வடிவாகக் கேட்கும், ஆனால் முதுகு மேடைப் பக்கம், கண் சனத்தின் பக்கம். "முகங்களைத்தான் பார்த்தேன் அப்பா" என்றாள். தாய் தகப்பனாக எனக்கு அதுதான் நிம்மதியும், பயமும்.

குளிரில்நடுங்கி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. வெங்காயம் வேண்டாம், வாசலில் டிக்கெட் பார்க்கும் வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டேன். திங்கள், செவ்வாய் கேட்டிருக்கிறேன். சின்னக் கூடாரம் என்ன விலை வரும்?

மதுரைப்பொண்ணு:
வாங்காதீர்கள், என்னுடையது பரணில் சும்மா கிடக்கிறது. ஒரு கம்பி வளைந்திருக்கும், அவ்வளவுதான். கண்ணை மறைக்க ஒரு துணியும் கம்பளிக் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் ராத்திரி பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், நாலரைக்கு மறுபடி விடிந்துவிடும். அதற்கு நடுவில் குளிர் எலும்பைப் பிடிக்கும்.