அஃபேசியா: பேச்சிழப்பா, மொழிக்குலைவா?

மூளை பாதிப்பால் மொழித்திறன் கெடும் நிலைதான் அஃபேசியா. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கும் அதை ஒட்டிய சொற்களுக்கும் என்ன தமிழ் வைப்பது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> அஃபேசியாவுக்குப் 'பேச்சிழப்பு' போதும் ஐயா. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். தப்பாகப் புரியுமே என்பதுதான் என் கவலை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாம் "பேச்சுதானே போச்சு, எழுதிக் காட்டச் சொல்லுங்க" என்றார்கள். இடது கையில் பென்சிலைக் கொடுத்தோம். நாற்பது வருடம் கணக்கெழுதிய மனிதர். ஒரு 'த' போட்டார், அதன் மேலேயே இன்னொரு 'த' போட்டார், பென்சிலை வைத்துவிட்டார். தண்ணீர் கேட்க வாயெடுத்தால் "சாவி" என்று வரும். தப்பு என்று அவருக்கே தெரிந்து தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் "ஒண்ணு, ரெண்டு" என்று எடுத்துக் கொடுத்தால் பத்து வரை தங்குதடையில்லாமல் போவார். 'அஞ்சு' மட்டும் தனியாக வராது, ஒன்றிலிருந்து ஏறித்தான் வரவேண்டும்.

குரல் இருக்கிறது, நாக்கு புரள்கிறது, ஆள் தெளிவாக இருக்கிறார். மூளையின் இடப்பக்கத்தில் சொல்லைத் தேடிக் கோக்கிற வேலைதான் குலைந்திருக்கிறது. எழுத்தும் கூடவே போவது அதனால்தான். ஆகவே மொழிக்குலைவு.

ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே 1874-இல் விவரித்த அஃபேசியா வகையையும் பாருங்கள். சரளமாகப் பேசுவார்கள், பொருள் இருக்காது. நாம் சொல்வதும் பிடிபடாது. ஓயாமல் பேசுகிறவரைப் 'பேச்சிழந்தவர்' என்று எப்படி எழுதுவது?

போன வாரம் பட்டியலுக்கு வந்த 'நாக்குழறல்' நல்ல சொல். அதை டிசார்த்ரியாவுக்கு வைத்துக்கொள்வோம். அங்கே சொல் மனதில் சரியாகவே இருக்கும். பேச்சுத் தசை தளர்ந்தோ கட்டுப்பாடு இழந்தோ உச்சரிப்புதான் கெடும்.

> கிரேக்க வேரே 'பேச்சின்மை'தானே?

வேரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 1861-இல் பாரிசில், 'டான்' என்பதைத் தவிர அநேகமாக வேறு ஓசை வராத நோயாளியை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா இந்த நிலைக்கு வைத்த பெயர் 'அஃபீமியா'. அது அவப்பெயரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாயிற்றே என்று 1864-இல் இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் துரூசோ மறுத்து 'அஃபேசியா'வைக் கொண்டுவந்தார். நாம் மட்டுமா சண்டை போடுகிறோம்!

> மெலடிக் இன்டோனேஷன் தெரபிக்கு 'இசை மருத்துவம்'?

வேண்டாம், அது மியூசிக் தெரபியோடு குழம்பும். இது அஃபேசியா வந்தவர்களைச் சொற்களை மெட்டோடு இழுத்துப் பேசவைக்க 1970-களில் பாஸ்டனில் உருவான முறை. அப்பாவின் பயிற்சியாளர் அவருடைய இடது கையைப் பிடித்து, ஓர் அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டவைத்து, மேலும் கீழுமாய் இரண்டே சுருதியில் "தண்-ணி வே-ணும்" என்று இழுப்பார். கொஞ்ச நாளில் பாட்டைக் குறைத்துப் பேச்சாக்கிவிடுவார். 'மெட்டுப்பேச்சுப் பயிற்சி' என்கிறேன் நான்.

கடைசியாக அனோமியா, அதாவது தெரிந்த பெயரே வாயில் வராத நிலை. அப்பாவின் பயிற்சிக்குப் போன இடத்தில் காத்திருந்த ஓர் அம்மா, "எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லு தொண்டையில சிக்கிக்குது" என்றார். 'சொற்சிக்கல்' என்று பட்டியலில் சேர்த்துவிடலாமா?