ரெண்டு நிமிஷம்தானே என்று நிறுத்திய கார்

வெள்ளவத்தை_06:

வாகனம் நிறுத்துவதைப் பற்றி எழுதும்போது எல்லோரும் அடுத்தவரின் காரைத்தான் திட்டுகிறோம். நான் என் காரைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஆறரை மணி. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் லேனின் வாசலில் காரை விட்டுவிட்டு மரக்கறிக் கடைக்குள் போனேன். முருங்கைக்காயும் ஒரு பிடி வல்லாரையும் வாங்கினால் போதும். ஹசாட் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். எதிர்ப்பக்கம் ஏற்கெனவே ஒரு வான் நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டோ போகலாம். அது போதும் என்று நினைத்தேன்.

தராசடியில் எனக்கு முன்னால் நாலு பேர். வெளியே சைரன் கேட்டது. காலி வீதியில் அது புதிதா என்ன, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கமாக வந்து, கடந்து, தேய்ந்து போகும் சத்தம் அன்றைக்குப் போகவேயில்லை. ஒரே இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் வயிறு கலங்கியது.

பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸின் முன்பக்கம் லேனுக்குள், பின்பக்கம் காலி வீதியில். அதற்குப் பின்னால் ஒரு 100 இலக்க பஸ், பஸ்ஸைச் சுற்றி வரப் பார்த்து மாட்டிக்கொண்ட ஓட்டோக்கள். பக்கத்துப் புடவைக் கடையின் காவலாளி, ஹட்டன் பக்கத்து அண்ணன், வான்காரரைத் தேடிப் பிடித்து வானை அனுப்பிவிட்டிருந்தார். அதுவும் போதவில்லை. நான்தான் மிச்சம்.

"சேர், ஏறுங்க, நான் காட்டுறேன்" என்றார். பின்னால் அம்புலன்ஸ், ஆகவே முன்னுக்கு எடுத்து, கீழே கடலோர வீதியான மரைன் டிரைவுக்கு இறங்குவது ஒன்றுதான் வழி. கீழிருந்து ஒரு கார் ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் அதை நோக்கி ஓடி, ஒரு மாடிக் குடியிருப்பின் கேட்டைத் திறக்கச் சொல்லி, அந்தக் காரை உள்ளே ஒதுக்கினார். திரும்பி வந்து என் பக்கக் கண்ணாடியைக் கையால் மடக்கினார். மதிலுக்கும் காருக்கும் ஒரு சாண்கூட இல்லை. "எண்ட, எண்ட... ஹரி, ஹரி... நில்லுங்க! இப்ப வாங்க." சிங்களமும் தமிழும் கலந்த அந்தக் குரலைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் என் கை வழுக்கியது, அவ்வளவு வியர்வை.

எல்லாமாக நாலு நிமிடம் இருக்கும். அம்புலன்ஸ் நின்றது லேனில் மூன்றாவது வீட்டில். என் மகளுக்கு வீணை சொல்லிக்கொடுத்த டீச்சரின் அம்மா. மூச்சுத்திணறல். பிழைத்துவிட்டார், இன்றைக்கும் பின்னேரங்களில் வாசலில் கதிரை போட்டு இருப்பார். ஆனால் அந்த நாலு நிமிடம் என்னுடையது. அதை நான் யார் தலையிலும் கட்ட முடியாது.

அந்த அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. 1990ஐ அழுத்தினால் காசில்லாமல் வீட்டு வாசலுக்கே வருகிறது. அப்படி வந்ததைத்தான் நான் ஒரு பிடி வல்லாரைக்காக மறித்தேன்.

அடுத்த நாள் அந்த அண்ணனிடம் போய்க் கதைத்தேன். அவர் திட்டவில்லை. "நிறுத்துறது பெரிய பிரச்சினை இல்லீங்க சேர். நிறுத்திட்டு எந்தக் கடைக்குள்ள போனாங்கன்னு தெரியாததுதான் பிரச்சினை" என்றார். மேசைக்குள்ளிருந்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வரியிலும் ஒரு வாகன இலக்கம், பக்கத்தில் தொலைபேசி எண், சிலதுக்குப் பக்கத்தில் "நகைக்கடை", "பல் டொக்டர்", "மூணாம் மாடி" என்று குறிப்பு. ஒருவரும் கேட்காமல் அவராகவே எழுதி வைத்தது. கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குச் சம்பளம், லேனுக்கு இல்லை. என் எண்ணையும் எழுதச் சொன்னேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். நிறுத்தியவராக இருந்தாலும் சரி, மாட்டிக்கொண்டவராக இருந்தாலும் சரி.

கொட்டாஞ்சேனை லொறிக்காரன்:

அண்ணை, எழுதினதுக்கு நன்றி. நான் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்கு வெங்காயம், பருப்பு இறக்குகிறவன். எங்களுக்கு ஒரு பழக்கம்: மூட்டை இறங்கி முடியும்வரை சாரதி சீட்டை விட்டு இறங்க மாட்டான். தேத்தண்ணி வேண்டுமென்றால் அது லொறிக்கு வரும். யாராவது கண்ணாடியில் தட்டினால் உடனே எடுக்க வேண்டும், அதுதான் காரணம்.

அங்கே கார் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு மூட்டை இழுக்கும் நாட்டாமிமாரின் கைவண்டி கண்ணில் படுவதில்லை. அந்த வண்டிக்கு பிரேக் இல்லை. ஒரு வண்டி நிறைய மூட்டை ஏற்றினால் அந்த மனுஷனுடைய குதிக்கால்தான் பிரேக். ஒருமுறை ஒரு காரின் கதவு திடீரென்று திறந்தது. வண்டிக்காரர் உடம்பை முழுக்கப் பின்னுக்குச் சாய்த்து, செருப்பு தேய்ந்து கழன்று, வெறுங்காலோடு தாரில் இழுபட்டு நிறுத்தினார். கதவுக்கும் வண்டிக்கும் ஒரு முழம். காரிலிருந்து இறங்கியவர் தொலைபேசியில் கதைத்தபடியே போய்விட்டார். நான் இறங்கி அந்த மனுஷனின் காலைப் பார்த்தேன், தோல் உரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி வண்டியைத் தூக்கினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

புறக்கோட்டைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் தயவுசெய்து காரை வெளியே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். உள்ளே இருக்கிற இடம் இவர்களுக்கே காணாது.

பம்பலப்பிட்டி அம்மா:

பள்ளிக்கூட வாசலில் பகல் ஒன்றரைக்கு நடப்பதும் இதுதான். என் மகன் தெரியும் தூரத்தில் கார் நிற்க வேண்டும் என்று நானும் நினைத்தேன், எல்லா அம்மாமாரும் நினைத்தோம். இப்போது ரெண்டு லேன் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போய்க் கூட்டி வருகிறேன். அந்தப் பத்து நிமிட நடையில்தான் அவன் அன்றைக்கு வகுப்பில் நடந்ததெல்லாம் சொல்கிறான்.

தெகிவளை ராஜா:

எல்லாம் சரி, ஆனால் எங்கே நிறுத்துவது? வெள்ளவத்தையில் வீடு இருந்த இடமெல்லாம் இப்போது மாடி. ஒரு வீட்டுக்கு ஒரு கார் என்று கணக்குப் போட்டிருப்பார்கள், அந்த வீட்டுக்கு வருகிற விருந்தாளியைக் கணக்கில் எடுக்கவில்லை. சித்தப்பா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்த சொந்தக்காரர் இருபது பேர் காரை எங்கே விடுவது? ஒருமுறை தடை செய்த இடத்தில் விட்டு எனக்கும் தண்டப்பத்திரம் எழுதினார்கள். லைசன்ஸைப் பொலிஸிடம் கொடுத்து, தபாற்கந்தோரில் வரிசையில் நின்று காசு கட்டி, திரும்பப் போய் வாங்கினேன். அரை நாள் போனது. தண்டம் நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே காசை ஒழுங்கான தரிப்பிடத்துக்கு மணிக்கணக்கில் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். மாநகர சபையின் ஆட்கள் மெஷினோடு நின்று சிட்டை கிழிக்கிற தெருக்களில் எனக்கு இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. யாரோ ஒருவர் வீதியில் நிற்கிறார், அதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடிவேல் திருவிழாவில் முருகனின் வேலைக் கொண்டு வரும் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருகிற நாளில் காலி வீதியைப் பாருங்கள். ரதம் வர முன்னமே ஓரத்துக் கார்களை எடுத்துவிடுகிறோம், கடைக்காரர் தண்ணீர் தெளித்து நிறைகுடம் வைக்கிறார். வேல் வருகிறது என்றால் எங்களுக்கு வழிவிடத் தெரிகிறது.

வெள்ளவத்தை_06:

ராஜா அண்ணை, இடம் இல்லை என்பது உண்மை. மாடி கட்ட அனுமதி கொடுக்கும்போதே விருந்தாளிக்கும் இடம் கேட்க வேண்டும், அதை நானும் எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரைக்கும் நான் செய்வது இவ்வளவுதான்: மரைன் டிரைவில் இடம் கிடைத்தால் அங்கே விட்டு ஏறி நடக்கிறேன். கிடைக்காமல் வேறெங்கே நிறுத்தினாலும், என் எண்ணைப் பெரிதாக எழுதிய மட்டையை முன்கண்ணாடிக்குள் வைக்கிறேன். லேன் வாசலில் நிறுத்துவதே இல்லை.

போன கிழமை அதே கடையில், அதே தராசடியில் நிற்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "அண்ணை, உங்கட காரைக் கொஞ்சம் முன்னுக்கு எடுப்பீங்களா? லொறி ஒண்டு திரும்ப வேணும்." ஒரு ஓட்டோத் தம்பி. முருங்கைக்காயைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஓடினேன். லொறி திரும்பிப் போனதும் அந்தத் தம்பி கையைத் தூக்கிக் காட்டினான். நான் திரும்பி வந்தபோது கடைக்காரர் என் முருங்கைக்காயை நிறுத்துப் பையில் போட்டு வைத்திருந்தார்.