சாக்ஸ் குதிகாலைத் தாண்ட மாட்டேங்குது, அவசரம்

கோத்தகிரி செல்வி
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு சாக்ஸ் பின்னிட்டிருக்கேன், ஒண்ணு முடிஞ்சாச்சு. விரல் உள்ளே போகுது, குதிகால்கிட்ட வந்ததும் நின்னுடுது, எவ்வளவு இழுத்தாலும் ஏறல. பாதத்து மேல வெச்சுப் பார்த்தா நீளம் சரியா இருக்கு. 12ஆம் நம்பர் ஊசி. அடுத்த வாரம் அப்பா டொரன்டோவுக்குத் தம்பி வீட்டுக்குக் கிளம்புறார். முழுசாப் பிரிக்காம சரி பண்ண வழி இருக்கா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

ஊசிநூல் மீனா
செல்வி, இது போதாதும்மா. எத்தனை கண்ணி போட்டீங்க? என்ன நூல்? மேலிருந்து கீழே பின்னினதா, விரல்ல ஆரம்பிச்சு மேலே போனதா? அப்பா காலோட சுற்றளவு எவ்வளவு? ஒரு படம் போட்டா இன்னும் நல்லது.

ரவி கோவை
படமெல்லாம் வேண்டாம், காஸ்ட் ஆன் இறுக்கம்தான். பின்னுற கை எவ்வளவு தளர்வா இருந்தாலும் முதல் வரிசை போடும்போது எல்லாருக்கும் கை தானா இறுகிடும். ரெண்டு ஊசியைச் சேர்த்துப் பிடிச்சு அதுமேல காஸ்ட் ஆன் போட்டு, அப்புறம் ஒண்ணை உருவிடுங்க. விளிம்பு ரப்பர் மாதிரி விரியும். அடுத்த சாக்ஸ்ல செஞ்சு பாருங்க.

டொரன்டோ சுகந்தி
எனக்கெண்டா குதிப் பகுதியிலதான் சந்தேகம். உங்கட அப்பாவுக்குப் புறங்கால் உயரமோ? 64 கண்ணி சாக்ஸ் எண்டால் பாதி, அதாவது 32 கண்ணியில 32 வரிசை குதி மடல் (குதிகாலுக்குப் பின்னால வாற துண்டு) பின்னச் சொல்லித்தான் எல்லாப் பேட்டனிலயும் இருக்கும். புறங்கால் உயரமான ஆக்களுக்கு அது காணாது. 36, 40 வரிசை வரைக்கும் போகவேணும். அப்பதான் பக்கத்தில கூடக் கண்ணி எடுக்கலாம், பாதம் தாராளமா உள்ள போகும். குதி மடல் வைக்காமல் குறு வரிசையில (முழுசாப் போகாமல் இடையில திரும்பித் திரும்பிப் பின்னுறது) குதியைத் திருப்பினீங்களெண்டால் இன்னும் மோசம்.

ரவி கோவை
அக்கா, 64 கண்ணின்னு அவங்க இன்னும் சொல்லவே இல்லையே.

டொரன்டோ சுகந்தி
பெரிய ஆக்களின்ர சாக்ஸ் பெரும்பாலும் அதுதானே தம்பி.

பழைய கை
இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தீர்களா? 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணினீர்களா? அதைச் செய்யாமல் ஒரு முழு சாக்ஸை முடித்துவிட்டு 'அவசரம்' என்று கேட்டால் யாரால் என்ன சொல்ல முடியும்? அடுத்தது, 12ஆம் நம்பர் என்றால் எந்தக் கணக்கில்? நம் ஊர்க் கடைகளில் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண். எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க எண்ணில் கூடக் கூடத் தடிக்கும். இங்கே 10 என்றால் 3.25 மி.மீ., அங்கே 10 என்றால் 6 மி.மீ. இணையத்துப் பேட்டனைப் பார்த்துப் பின்னுகிறவர்கள் மி.மீ. அளவைத்தான் சொல்ல வேண்டும். இதைப் பலமுறை எழுதிவிட்டேன்.

கோத்தகிரி செல்வி
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். ஊசி 2.75 மி.மீ. 64 கண்ணி, மேலிருந்து கீழே. மாதிரித் துண்டு பின்னினேன் சார், 10 செ.மீ.க்கு 30 கண்ணி வந்துச்சு. அப்பா பாதச் சுற்றளவு 24 செ.மீ. நூல் நம்ம ஊர் உல்லன் கடையில வாங்கினது.

ஊசிநூல் மீனா
64 கண்ணின்னா 21 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல. 24 செ.மீ. பாதத்துக்குப் பத்துல ஒரு பங்கு குறைச்சுப் போடுறதுதான் வழக்கம், கணக்கு சரியாத்தான் இருக்கு. அப்ப ஏன் நிக்குது?

பழைய கை
'உல்லன் கடை' நூல் என்றால் பெரும்பாலும் அக்ரிலிக். அதில் கம்பளியே இருக்காது. அக்ரிலிக்கில் சாக்ஸ் பின்னுவதே வீண் வேலை. வியர்வையை உறிஞ்சாது, கம்பளி போல மீண்டு வரும் தன்மையும் இல்லை. நனைத்து நீட்டிக் காயவைத்தாலும் படியாது. நல்ல சாக்ஸ் நூல் என்றால் 75 பங்கு கம்பளி, 25 பங்கு நைலான். நைலான் இல்லாவிட்டால் குதியும் விரல் முனையும் சீக்கிரம் தேயும்.

குன்னூர் ஜெயா
சார், நீங்க சொல்ற நூலை இங்கே எந்தக் கடையில வாங்குறது? வெளியிலிருந்து வரவழைச்சா ஒரு ஜோடி சாக்ஸுக்கான நூல் விலைக்கு ஒரு ஸ்வெட்டரே பின்னிடலாம். எங்க வீட்ல எல்லாரும் அக்ரிலிக்தான் போடுறோம். மழைக்காலத்துல கம்பளியைத் துவைச்சா காயறதுக்குள்ள வாடை வந்துடும். அக்ரிலிக் துவைச்ச மறுநாள் போட்டுக்கலாம், பூச்சியும் அரிக்காது. 'வீண் வேலை'ன்னு ஒரே வார்த்தையில சொல்லாதீங்க.

பழைய கை
நான் சொன்னது சாக்ஸைப் பற்றி, ஸ்வெட்டரைப் பற்றி அல்ல. டொரன்டோக் குளிரில் நனைந்த அக்ரிலிக் சாக்ஸோடு பூட்ஸுக்குள் கால் இருந்தால் என்ன ஆகும் என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். கம்பளி ஈரமான பிறகும் ஓரளவு சூடு தரும்.

டொரன்டோ சுகந்தி
அது சரிதான். நான் உள்ளுக்குக் கம்பளி போடாமல் வெளியில இறங்கிறேல்ல.

ரவி கோவை
செல்வி, உங்க நூல் எதுன்னு தெரிஞ்சுக்க ஒரு சின்னத் துண்டை இடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. கம்பளின்னா தலைமுடி கருகுற நாத்தம் வரும், நெருப்பை எடுத்ததும் தானா அணையும், சாம்பலை விரலால நசுக்கினா பொடியாகும். அக்ரிலிக்னா உருகிச் சொட்டும், ஆறினதும் கறுப்பா கெட்டியான உருண்டை நிக்கும். வாஷ்பேசின் மேல வெச்சுச் செய்யுங்க, உருகினது கையில பட்டா பொத்துப் போயிடும்.

குன்னூர் ஜெயா
எனக்கு ஒரு ஆதங்கம், இந்தப் பதிவுலயே சொல்லிடுறேன். ஊட்டிக்குப் பக்கத்துல சாண்டிநல்லாவில செம்மறி ஆராய்ச்சி நிலையமே இருக்கு. நீலகிரி ஆட்டோட வெளிநாட்டு மெரினோ, ராம்புலே இனங்களைக் கலந்து சாண்டினோன்னு ஒரு இனத்தையே அங்கே உருவாக்கியிருக்காங்க. மென்மையான ரோமத்துக்குப் பேர் போனது நீலகிரி ஆடு. இருந்தும் எங்க கடைத்தெருவுல சாக்ஸ் பின்ன நாலு கண்டு உள்ளூர்க் கம்பளி நூல் கேட்டா கிடைக்கிறதில்ல. அதைப் பேசலாமே, அக்ரிலிக் வாங்குறவங்களை ஏன் குத்தம் சொல்லணும்?

பழைய கை
ஆடு இருந்தால் மட்டும் சாக்ஸ் நூல் வந்துவிடாது. ரோமத்தைத் தரம் பிரித்து, கழுவி, சீவி, நூற்று, முறுக்கேற்ற ஆலை வேண்டும். அவ்வளவு குறைந்த அளவு ரோமத்துக்கு எந்த ஆலை வரும்?

குன்னூர் ஜெயா
கையால நூற்கலாமே சார்.

ஒஸ்லோ வாணி
செல்வி தங்கச்சி, நூலைப் பிறகு பாக்கலாம். எனக்கு ஒரே ஒரு விசயம் சொல்லுங்கோ. சாக்ஸ் எந்த இடத்தில இறுகுது? விளிம்பிலயா, ரிப்பிலயா (விளிம்புக்குக் கீழ இழுபடுற வரிப் பின்னல்), அதுக்குக் கீழயா? கையை உள்ள விட்டு விரல்களை விரிச்சுக்கொண்டே மேலயிருந்து கீழ இறக்கிப் பாருங்கோ, இறுகிற இடம் கைக்குத் தெரியும். அப்பாவின்ர குதிகால் நுனியில இருந்து புறங்கால் மடியிற இடத்தைச் சுத்தி டேப்பால அளந்தும் சொல்லுங்கோ. சாக்ஸ் தாண்டவேண்டியது அந்த அளவைத்தான், பாதச் சுற்றளவை இல்லை.

கோத்தகிரி செல்வி
அக்கா, இப்பதான் பார்த்தேன். விளிம்பு நல்லா விரியுது, ரிப்பும் விரியுது. பூ ஆரம்பிக்கிற இடத்துல கை நின்னுடுது. நீங்க சொன்ன அளவு 33 செ.மீ. வருது.

ஊசிநூல் மீனா
பூவா? என்ன பூ?

கோத்தகிரி செல்வி
கணுக்காலுக்கு மேல சுத்தி வர ரெண்டு கலர் பூ டிசைன். நீலத்துல வெள்ளை. எட்டுக் கண்ணிக்கு ஒரு பூ.

ரவி கோவை
இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் காஸ்ட் ஆன் பத்தி எழுதியிருக்கவே மாட்டேன்!

ஒஸ்லோ வாணி
அதுதான் காரணம். ஒற்றை நிறத்தில பின்னினால் ஒவ்வொரு கண்ணியும் அகலமா இழுபட்டுக் கொடுக்கும், 21 செ.மீ. சாக்ஸ் 33 வரைக்கும் விரியும். ரெண்டு நிறத்தில, பாவிக்காத நிறம் பின்பக்கத்தில நேரா ஓடும். அது கண்ணி இல்லை, வெறும் நூல், இழுபடாது. நீங்கள் நிறம் மாத்தேக்க நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருந்தால் கண்ணி விரிய முதல் அந்த நூல் தடுத்துப்போடும். சாக்ஸை உள்பக்கம் வெளியா மாத்திக் கையால விரிச்சுப் பாருங்கோ. பின்னால வெள்ளை நூல் வீணைத் தந்தி போல விறைச்சு நிண்டால் சந்தேகமே இல்லை.

இங்க நோர்வேயில செல்பு கையுறை எண்டு இருக்குது, எட்டு முனை நட்சத்திரம் போட்டது. அதை 1857இல முதல் பின்னினது மாரித் எம்ஸ்தா எண்ட பெண் எண்டு சொல்லுவினம். அதிலயும் இதே வேலைதான், ஆனால் கையுறைக்குக் குதிகால் இல்லாதபடியால் தப்பிவிடும். சாக்ஸில தப்ப ஏலாது.

கோத்தகிரி செல்வி
ஆமாக்கா, விறைப்பா நிக்குது. அப்ப பிரிக்கத்தான் வேணுமா? குதிகால் நல்லா வந்திருக்கு, அதைப் பிரிக்க மனசே வரல.

ஒஸ்லோ வாணி
குதியைத் தொடவேண்டாம். பூ முடிஞ்சு குதி தொடங்கிறதுக்கு இடையில ஒற்றை நிற வரிசை நாலஞ்சு இருக்கும்தானே? அதில ஒரு வரிசையைத் தெரிவு செய்து, அதுக்குக் கீழ இருக்கிற வரிசையில 64 கண்ணியையும் முதல் மெல்லிய ஊசியில கோர்த்துக்கொள்ளுங்கோ. பிறகு தெரிவு செய்த வரிசையில ஒரே ஒரு கண்ணியை மட்டும் கத்தரிச்சு, அந்த நூலை ஒவ்வொரு கண்ணியா வெளியால எடுங்கோ. மேல்பகுதி தனியாக் கழண்டு வரும். பாதமும் குதியும் ஊசியில பத்திரமா நிக்கும்.

அங்க இருந்து மேல்நோக்கிப் பின்னுங்கோ. முதல் ஒற்றை நிற வரிசையில எட்டுக் கண்ணிக்கு ஒண்டு கூட்டினால் 72 வரும், உங்கட பூ ஒன்பது தரம் சரியா விழும். பூப் பகுதிக்கு மட்டும் 3.25 ஊசி எடுங்கோ. ஒவ்வொரு முறை நிறம் மாத்தேக்கயும் வலக்கை ஊசியில இருக்கிற கண்ணிகளைப் பரத்திவிட்டுட்டு அடுத்த கண்ணியைப் பின்னுங்கோ. இன்னொரு வழி, சாக்ஸை உள்வெளியா மாத்திப் பிடிச்சுப் பின்னுறது. அப்ப பின்நூல் வெளிச்சுற்றில ஓடும், தானாக் கொஞ்சம் நீளமா விழும். பூ முடிய 2.75க்குத் திரும்பி ரிப்.

டொரன்டோ சுகந்தி
வாணி சொல்றது சரி. ஒண்டு மட்டும், மேல்நோக்கிப் பின்னேக்க சார்ட்டையும் (பூவின்ர கட்டப் படம்) தலைகீழாப் படிக்கவேணும், இல்லாட்டிப் பூ கவிண்டு நிக்கும். மேல் கீழ் ஒரே மாதிரியான பூ எண்டால் பிரச்சினை இல்லை.

ரவி கோவை
இப்ப விளிம்பு கடைசியில வருது, அதனால முடிக்கிறதுதான் இறுகக் கூடாது. ரெண்டு கண்ணியைப் பின்பக்கமா ஒண்ணா நிட் பண்ணி, வந்த கண்ணியைத் திரும்ப இடது ஊசிக்கு மாத்தி, மறுபடியும் ரெண்டை ஒண்ணா. இப்படியே முடிங்க, நல்லா விரியும்.

பழைய கை
கத்தரிக்கும் முன் கீழ் வரிசையில் 64 கண்ணியும் ஊசியில் ஏறிவிட்டனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று விடுபட்டாலும் குதி வரை ஓடிவிடும். மாதிரித் துண்டையும் ரெண்டு நிறத்தில், வட்டமாகப் பின்னிப் பார்த்திருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

குன்னூர் ஜெயா
சார், கையால நூற்கலாமேன்னு நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. கையால நூற்ற கம்பளியில நைலான் கலக்காம சாக்ஸ் போட்டா எத்தனை நாள் வரும்?

பழைய கை
முறுக்கைப் பொறுத்தது. ரெண்டு இழைக்குப் பதில் மூணு இழை சேர்த்து இறுக்கமாக முறுக்கினால் ஓரளவு தாங்கும். குதியில் ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்திப் பின்னுங்கள், துணி தடிக்கும்.

குன்னூர் ஜெயா
இதைத் தனிப் பதிவா போடுங்க சார், நிறையப் பேருக்கு உதவும்.

கோத்தகிரி செல்வி
வெட்டி, 72 கண்ணியில மேல பின்னிட்டேன். அப்பா போட்டுப் பார்த்தார், குதிகால் தாண்டிடுச்சு. நூலைக் கொளுத்திப் பார்த்தேன், உருகுச்சு, அக்ரிலிக்தான். ரெண்டாவது சாக்ஸ் இன்னைக்கு ராத்திரி ஆரம்பிக்கிறேன். வாணி அக்காவுக்கும் எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

ஊசிநூல் மீனா
சந்தோஷம் செல்வி! ரெண்டாவதை மேலிருந்தா பின்னப் போறீங்க, விரல்ல இருந்தா? மேலிருந்துன்னா ரெண்டு சாக்ஸ்லயும் பூப் பகுதிக் கண்ணிங்க எதிரெதிர்த் திசையில நிக்கும், பார்த்துக்குங்க. படம் போடுங்க.