மார்னரும் போய்விட்டார்: வரி துரத்தியதா, நாம் துரத்தினோமா?

மேப்பிள்67 | ஜூலை 1, 2025

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் பிறந்த பையன். 9 பருவங்கள் ரொறன்ரோ ஐஸ் ஹாக்கி அணியின் நீலச் சட்டை போட்டவர். போன பருவத்தில் மட்டும் 102 புள்ளிகள் (போட்ட கோலும் போட உதவிய கோலும் சேர்த்து). நேற்று மிச் மார்னர் லாஸ் வேகஸுக்குப் போய்விட்டார்: 8 ஆண்டு, ஆண்டுக்கு 12 மில்லியன் அமெரிக்க டொலர். பதிலுக்கு நமக்கு வந்தது நிக்கோலா ருவா. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் யாருக்கு யார்?

இதே மார்க்கத்தில் பிறந்த ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் 2016இல் ஊருக்கு வருவார் என்று நாம் எல்லோரும் வாயில் ஈ போவது தெரியாமல் காத்திருந்தோம். அவர் ஆண்டுக்கு 8.5 மில்லியனுக்குப் புளோரிடாவின் தாம்பா அணியிலேயே இருந்துகொண்டார். அப்புறம் 2020, 2021 என்று இரண்டு ஸ்டான்லி கோப்பை, லீகின் சாம்பியன் பட்டம்.

எனக்குப் புரிவது ஒன்றுதான். புளோரிடா, டெக்சாஸ், டென்னசி, நெவாடா, வாஷிங்டன் இந்த ஐந்திலும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. ஆறு அணிகள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் உச்சவரம்போ, கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்த லீகின் 32 அணிக்கும் ஒன்றுதான். ஒருவன் காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைப்பது போல இருக்கிறது. 1993இல் மொன்றியல் வென்றதற்குப் பிறகு ஸ்டான்லி கோப்பை கனடாவுக்கு வரவில்லை என்றால் சும்மாவா?

டல்லாஸ்வாசி | ஜூலை 1

வரி, வரி என்று எத்தனை நாள் சொல்வீர்கள் நண்பரே? நான் இருக்கும் ஊரில் டல்லாஸ் ஸ்டார்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் காய்கறிக் கடையில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். காசாளர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இங்கே கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிதான் கடவுள். ஹாக்கிக்காரர் தோற்றாலும் மறுநாள் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

டொராண்டோவில் அது நடக்குமா? (உங்கள் ஊரை நான் இப்படித்தான் எழுதுவேன், திருத்த வேண்டாம்.) மே மாதம் பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றில், புளோரிடாவிடம் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று தோற்றீர்கள். அந்தத் தொடரில் உங்கள் ரசிகர்களே சொந்த அணியின் சட்டையைக் கழற்றிப் பனித்தரையில் வீசினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதன் அடுத்த 8 வருடத்தை எங்கே கழிக்க நினைப்பான்?

கணக்குப்பிள்ளை | ஜூலை 2

தொழில்முறையில் வரிக்கணக்கு பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோவில் மேல்தட்டு வருமான வரி விகிதம் 53.53 சதவீதம். நெவாடாவில் மத்திய அரசின் 37, அதோடு மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீட்டு வரி, ஆக 39 சொச்சம். வித்தியாசம் 14 புள்ளி என்று வைத்துக்கொண்டால் 12 மில்லியனில் ஏறக்குறைய 1.7 மில்லியன். சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது முழுதாகக் கைக்கு வராது. ஆட்டக்காரர் வெளியூரில் வேலை பார்த்த நாட்களுக்கு அந்தந்த மாநிலம் வரி பிடிக்கும். வேகஸ்காரர் கலிபோர்னியாவில் ஆடிய நாட்களுக்குக் கலிபோர்னியாவுக்குக் கட்ட வேண்டும்.

அடுத்தது, "அமெரிக்கா" என்று மொத்தமாகச் சொல்வதே தப்பு. கலிபோர்னியாவின் மேல்தட்டு மாநில வரி 13.3. அதை 37உடன் கூட்டுங்கள்: 50ஐத் தாண்டிவிட்டது. நியூயோர்க் நகரத்தில் குடியிருந்தால் மாநிலத்துக்கு ஒன்று, மாநகரத்துக்கு ஒன்று என்று அதுவும் 50ஐத் தாண்டும். எட்மன்டன் இருக்கிற ஆல்பர்ட்டாவில் 48. அதாவது எட்மன்டனைவிட மன்ஹாட்டனில் வரி அதிகம். மன்ஹாட்டன் வேண்டாம், வரி அதிகம் என்று எந்த ஆட்டக்காரராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

கனடா பக்கம் இருக்கிற ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் குடியிருப்பவருக்கு ஒப்பந்தம் போடும்போது முன்பணமாகக் கொடுத்தால், இரு நாட்டு வரி உடன்பாட்டின்படி கனடா 15 சதவீதம்தான் பிடிக்கலாம். 2018இல் ஜோன் டவாரஸ் நியூயோர்க் பக்கமிருந்து ரொறன்ரோ வந்தபோது 15.25 மில்லியன் அப்படித்தான் வாங்கினார். அது முன்பணம் இல்லை, சம்பளம்தான் என்று வருவாய்த்துறை பிடித்துக்கொண்டது. விவகாரம் வரி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இனி வருகிற ஏஜென்ட் எல்லோரும் அந்த வழக்கைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். வரிவிகிதத்தைவிட இந்த நிச்சயமின்மைதான் எனக்குப் பெரிய தொல்லையாகத் தெரிகிறது.

எட்மன்டன்காரன் | ஜூலை 2

கணக்குப்பிள்ளை அண்ணைக்கு ஒரு கும்பிடு.

மேப்பிள் அண்ணை, ஒரு சந்தேகம். புளோரிடா பாந்தர்ஸ் 1996க்குப் பிறகு 2022 வரை ஒரு பிளேஆஃப் தொடர்கூட வெல்லவில்லை. நடுவில் 10 பருவங்கள் தொடர்ந்து பிளேஆஃபுக்கே வரவில்லை. அந்தக் காலத்தில் புளோரிடாவில் வருமான வரி இருந்ததா? இல்லை. கடற்கரை இல்லையா? இருந்தது. அப்போது ஏன் ஒருத்தரும் அங்கே ஓடவில்லை? நிர்வாகம் சரியாக அமைந்ததும்தான் வரியும் வெயிலும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

டல்லாஸ் நண்பருக்கு: உங்கள் அணியை 2024, 2025 இரண்டு வருடமும் அரையிறுதியில் வீட்டுக்கு அனுப்பியது இந்த மைனஸ் முப்பது டிகிரி ஊர்தான். உங்களுக்கு மறந்திருக்கும், அங்கேதான் ஹாக்கியை யாரும் பார்ப்பதில்லையே.

டல்லாஸ்வாசி | ஜூலை 2

அரையிறுதியில் ஜெயித்து என்ன, இறுதியில் இரண்டு தடவையும் புளோரிடாதானே கோப்பையைத் தூக்கியது. நான் சொன்னதைத்தான் நிரூபிக்கிறீர்கள்.

கல்கரிக்குளிர் | ஜூலை 3

நீங்கள் எல்லோரும் ரொறன்ரோ கண்ணாடி போட்டுக்கொண்டு பேசுகிறீர்கள். 2022 ஜூலையில் எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

ஜானி கோட்ரோ, 115 புள்ளி எடுத்த பருவம். மாத்யூ கச்சக், 104. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் போனார்கள். கோட்ரோவுக்குக் கல்கரி இன்னும் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தது. அவர் ஆண்டுக்கு 9.75 மில்லியனுக்குக் கொலம்பஸ் போனார். அது இருக்கிற ஒஹாயோவில் மாநில வரி உண்டு, நகர வரியும் உண்டு. வெயிலுக்காக யாராவது கொலம்பஸ் போவார்களா? கோப்பை வாய்ப்புக்காகவும் போகவில்லை. அவர் நியூ ஜெர்சிப் பையன், ஊருக்குக் கிட்டே இருக்க நினைத்தார். அவ்வளவுதான். போன ஆண்டு ஆகஸ்டில் அவர் இறந்த செய்தி வந்தபோது, அன்று விட்டுப்போனார் என்று திட்டிய என்னைப் போன்றவர்களும் எங்கள் அரங்கான சேடில்டோம் வாசலில் பூ வைத்தோம்.

கச்சக் செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், புளோரிடாவுக்கு மாற்றினோம். அங்கே இரண்டு கோப்பை. எங்களுக்கு அதற்குப் பிறகு பிளேஆஃபே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். முன்பு லீக் முழுக்கக் கனடியப் பையன்கள். சஸ்காச்சுவானில் வளர்ந்தவனுக்குக் கல்கரியே தெற்கு! இப்போது லீகில் கனடியர் பாதிக்கும் குறைவு. அமெரிக்கப் பையன்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள், அவர்களுக்கு வீடு அங்கே இருக்கிறது. பாசத்தை வரி என்று ஏன் மொழிபெயர்க்கிறீர்கள்?

மேப்பிள்67 | ஜூலை 3

கோட்ரோ விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் உங்கள் கணக்குப்படி மார்னருக்கும் ஸ்டாம்கோஸுக்கும் வீடு இங்கேதானே? அவர்கள் ஏன் வீட்டை விட்டு ஓடுகிறார்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கல்கரிக்குளிர் | ஜூலை 3

அதற்குப் பதிலை டல்லாஸ்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். உங்களுக்குத்தான் பிடிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை | ஜூலை 4

ஒரு பக்கக்கணக்கு. 1994 முதல் 2025 வரை 31 கோப்பைகள் (2005இல் பருவமே ரத்து). கனடிய அணிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. குலுக்கல் முறையில் கொடுத்திருந்தாலும் 31இலும் ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஆகவே ஏதோ இருக்கிறது என்று மேப்பிள் சொல்வதைத் தள்ள முடியாது.

ஆனால் இந்த இடைவெளியில் கனடிய அணிகள் எட்டு முறை இறுதிக்குப் போயிருக்கின்றன. அதில் ஐந்து முறை ஏழாவது ஆட்டத்தில் தோற்றன: 1994 வன்கூவர், 2004 கல்கரி, 2006 எட்மன்டன், 2011 மறுபடி வன்கூவர், 2024 மறுபடி எட்மன்டன். ஐந்து தடவை நாணயம் சுண்டி ஐந்தும் பூ விழுந்திருக்கிறது. ஒன்று தலை விழுந்திருந்தால் இந்த விவாதமே பாதிச் சூட்டில்தான் இருந்திருக்கும்.

டல்லாஸ்வாசி | ஜூலை 4

2006 எட்மன்டன் என்றதும் ஞாபகம் வருகிறது. கிறிஸ் புரோங்கர் அந்த இறுதி முடிந்த கையோடு, குடும்பக் காரணம், என்னை மாற்றுங்கள் என்று கேட்டார். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் முடிந்திருந்தது. கலிபோர்னியாவின் அனஹைம் போனார், 2007இல் கோப்பை. தோற்ற எதிரி யார்? ஒட்டாவா! கலிபோர்னியாவில் வரி அதிகம் என்று கணக்குப்பிள்ளை சொன்னார் அல்லவா? போகிறவர் வரியா பார்த்தார்? கூட்டம் துரத்தாத ஊரில் மனைவி மக்களோடு இருக்க ஆசைப்படுகிறார்கள்.

எட்மன்டன்காரன் | ஜூலை 5

புரோங்கரை மட்டும் இழுக்காதீர்கள், என் அப்பா இன்னும் அந்தப் பெயரைச் சாப்பாட்டு மேசையில் சொல்ல விடுவதில்லை.

துரத்தாத ஊர் என்கிறீர்கள். சரி, எங்கள் ஊரில் ஒருவர் ஆண்டுக்கு 14 மில்லியன் வீதம் எட்டு ஆண்டு எழுதிக்கொடுத்திருக்கிறார், லியோன் டிரைசைட்டில். ஜெர்மன்காரர், இங்கே சொந்தம் பந்தம் ஒன்றும் இல்லை. கனடாவின் வினிப்பெக்கை எத்தனை பேர், என்னை அங்கே மாற்றாதீர்கள் என்ற நோ ட்ரேட் பட்டியலில் போடுகிறார்கள் என்று கிண்டல் செய்வீர்கள். மிச்சிகன்காரரான கானர் ஹெல்லபக் அங்கேயே ஏழு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். உங்கள் ரொறன்ரோவிலேயே ஆஸ்டன் மாத்யூஸ் அரிசோனாவில் வளர்ந்தவர், டவாரஸ் 11 மில்லியன் வாங்கிய இடத்தில் 4.38க்கு இருக்கிறேன் என்கிறார். போகிறவர்கள் மட்டும் கண்ணில் படுகிறார்கள், இருப்பவர்கள் படுவதில்லை.

மேப்பிள்67 | ஜூலை 5

மாத்யூஸ் நாலு ஆண்டுக்குத்தான் எழுதினார். கதவுக்குப் பக்கத்தில் பெட்டி தயாராக இருக்கிறது.

எட்மன்டன்காரன் | அக்டோபர் 7, 2025

இழையைத் தூசி தட்டுகிறேன். நேற்று எங்கள் அணியின் கானர் மெக்டேவிட் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆண்டுக்கு முன்பு வாங்கிய அதே 12.5 மில்லியன். விதிப்படி 19 மில்லியன் வரை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மிச்சப் பணத்தில் நல்ல ஆள் பிடியுங்கள் என்கிறார். உங்கள் பக்கத்து ஊரில் பிறந்தவர், எங்கள் ஊரில் இருக்கிறார். வரி எங்கே, வெயில் எங்கே?

டல்லாஸ்வாசி | அக்டோபர் 7

எத்தனை ஆண்டு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

எட்மன்டன்காரன் | அக்டோபர் 7

இரண்டு.

டல்லாஸ்வாசி | அக்டோபர் 7

😀

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 8

போன வாரம் கிரில் கப்ரிசோவ் மினசோட்டாவில் ஆண்டுக்கு 17 மில்லியன் வீதம் எட்டு ஆண்டு எழுதியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மாநில வரி 9.85. மத்திய வரியோடு கூட்டினால் ஆல்பர்ட்டாவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். குளிரிலும் ஒன்றும் குறைச்சல் இல்லை. ரஷ்யாவில் பிறந்தவருக்கு மினசோட்டா சொந்த ஊரும் இல்லை. நம் மூன்று காரணமும் அங்கே வேலை செய்யவில்லை.

மேப்பிள்67 | அக்டோபர் 8

நான் ஜூலையில் எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அந்த ஏழாவது ஆட்டத்துக்கு நான் அரங்கில் இருந்தேன். சட்டை வீசவில்லை, அது காசு போட்டு வாங்கியது. ஆனால் மார்னர் பக்கை, அந்த ரப்பர் வட்டை, தொட்டபோதெல்லாம் ஊ என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் என் மகள், 11 வயது. ஏன் அப்பா, அவர் நம் ஊர்தானே என்று கேட்டாள். நான் ஏதோ வரியைப் பற்றிச் சொன்னேன்.

ஜனவரியில் வேகஸ் இங்கே ஆட வருகிறது. மகளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

கல்கரிக்குளிர் | அக்டோபர் 8

எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போகிறாள்?

மேப்பிள்67 | அக்டோபர் 8

மார்னரின் பதினாறாம் எண். அதே நீலம்தான்.