பியரை முதிர வைத்து விற்பதா, உடனே விற்பதா? ‘டிராவலர்ஸ் ரெஸ்ட்’ லாபக் கணக்கு

கோத்தகிரி_தோட்டம்:
கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2020-இல் ஏர்லி ஆக்சஸாக (முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு) வந்த ‘டிராவலர்ஸ் ரெஸ்ட்’ விளையாட்டில் மதுவிடுதி நடத்தும் நம்மில் பலர், புதிதாகத் தொடங்குவோரிடம் “பியரைப் பீப்பாயில் முதிர வைத்து, விலை ஏறிய பிறகு விற்றுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவருகிறார்கள். இந்த அறிவுரை தொடக்கக்காரரை முடக்கிவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு முறை காய்ச்சும் பியருக்கு அடக்கச் செலவு 40 காசு, உடனே விற்றால் 100 காசு, முதிர்ந்த பின் 150 காசு என்று வைத்துக்கொள்வோம். முதிர வைத்தவருக்கு 110 காசு லாபம். ஆனால் அந்த இடைவெளியில் மூன்று முறை காய்ச்சி உடனுக்குடன் விற்றவருக்கு 180 காசு லாபம் கிடைத்திருக்கும். அந்தப் பணத்தில் அவர் கூடுதலாக மேசையும் நாற்காலியும் வாங்கியிருப்பார். பறித்த பச்சைத் தேயிலையை அன்றன்றே தொழிற்சாலைக்கு அனுப்பிப் பழகிய எங்களுக்கு, பணம் சுழல்வதன் அருமை தெரியும்.

பூம்பாறை_பூண்டு:
வணக்கம் அண்ணா. தேயிலை காத்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கொடைக்கானல் பக்கம், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகையில் பதப்படுத்தி, விலை வரும்வரை வைத்திருந்து விற்கிறோம். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று சரக்கைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பியர் காத்திருக்கும் சரக்கு.

உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. நொதிக்க வைக்கும் கலன் வேறு, முதிர வைக்கும் பீப்பாய் வேறு. முதல் காய்ச்சல் பீப்பாய்க்குப் போனதும் கலன் காலியாகிவிடுவதால், இரண்டாவதையும் மூன்றாவதையும் தடையின்றிக் காய்ச்சலாம். ஆகவே தாமதம் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான். பீப்பாய்கள் வரிசையாக நிரம்பிவிட்டால், அதன் பிறகு அடுத்தடுத்து ஏதேனும் ஒரு பீப்பாய் முதிர்ந்து தயாராக இருக்கும். நீங்கள் ஒன்றுக்கு மூன்று என்று ஒப்பிட்டீர்கள். சரியாக ஒப்பிட்டால் மூன்றுக்கு மூன்று, அதாவது 180-க்கு எதிராக 330.

கோத்தகிரி_தோட்டம்:
கலன் வேறு, பீப்பாய் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் அந்த ஒரே ஒரு தாமதத்தைத் தாங்கும் கையிருப்பு தொடக்கக்காரரிடம் ஏது? பீப்பாய் வாங்கவும் காசு வேண்டும், அடுத்த காய்ச்சலுக்கு மூலப்பொருள் வாங்கவும் காசு வேண்டும். அதுவரை வருகிற வாடிக்கையாளருக்கு ஊற்ற எதுவுமில்லாமல் கடை திறந்திருப்பதில் என்ன பயன்?

குன்னூர்_கல்லா:
நீங்கள் இருவருமே, எது தட்டுப்பாடாக இருக்கிறது என்று பார்க்காமல் பேசுகிறீர்கள். தொடக்கத்தில் தட்டுப்பாடு பணத்துக்கு. ஆகவே கோத்தகிரி அண்ணன் சொல்வதுபோல் அனைத்தையும் உடனே விற்பதே சரி. சில நாள்களில் எல்லா மேசைகளும் நிரம்பி, பரிமாறுவதும் மேசை துடைப்பதும் கலாட்டா செய்பவரை அடக்குவதுமாக நம் கதாபாத்திரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது தட்டுப்பாடு கைக்கும் நேரத்துக்கும் மாறிவிடுகிறது. ஒரு மாலையில் இத்தனை குவளைதான் ஊற்ற முடியும் என்றாகிவிட்ட பிறகு, சரக்கை மும்மடங்கு காய்ச்சினாலும் அது தேங்கத்தான் செய்யும். ஊற்றுகிற ஒவ்வொரு குவளையின் விலையையும் கூட்டுவது ஒன்றே வழி. விடுதியின் நற்பெயர் உயர்ந்து ஆள் அமர்த்த வழி திறந்ததும், பீப்பாய் வாங்குவதற்கு முன்பே, பரிமாற ஒரு ஆளை அமர்த்தச் செலவிடுங்கள்.

பூம்பாறை_பூண்டு:
ஆளுக்கு முன்னுரிமை என்பதை நான் ஏற்கவில்லை. கூலி நாள்தோறும் கரையும் செலவு. பீப்பாய்க்கு ஒரு முறை கொடுத்தால் போதும். முதல் காய்ச்சலிலிருந்தே நான்கில் ஒரு பங்கையாவது ஒதுக்கி முதிர வைத்தால், மேசைகள் நிரம்பும் நாளில் விலை கூடிய சரக்கு கையில் இருக்கும்.

கோத்தகிரி_தோட்டம்:
நான்கில் ஒரு பங்கு என்றால் எனக்கு மறுப்பில்லை; கடை ஓடும், கையிருப்பும் வளரும். ஆனால் சமையலறைப் பண்டங்களுக்கு இதை நீட்டாதீர்கள். பாலாடைக்கட்டியை முதிர வைக்கலாம். சமைத்த உணவை அன்றைய கூட்டத்துக்கே விற்றுவிட வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.