முழுக்க ஆன்லைனிலேயே டிகிரி படிப்பவர்கள் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

ஆம்பூர் அண்ணன்:
என் தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கே ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். இப்போது ஆன்லைனில் பி.காம் சேர்கிறேன் என்கிறாள். வேலூர் முத்துரங்கம் அரசுக் கல்லூரி இருக்க இது எதற்கு என்று அம்மா கேட்கிறார், காலேஜ் வாசலையே மிதிக்காத டிகிரியை யார் மதிப்பார்கள் என்று மாமா வேறு. அப்படிப் படிப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

குடியாத்தம் அக்கா:
தம்பி, அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான், ஆனால் பகல் முழுக்க அங்கே இருக்கணுமே, அவள் சம்பளம் நின்றால் வீட்டில் யார் ஈடுகட்டுவது? நான் கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்தேன். மாமியாருக்கு உடம்பு முடியாது, பையன் சின்னவன், அவன் தூங்கினதும் பதிவு செய்த பாடத்தைப் போட்டு, புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். சோம்பேறிகள் படிப்பு என்று சொல்பவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. படி என்று சொல்ல ஆளே இல்லாமல் படிப்பது எவ்வளவு கஷ்டம்!

காட்பாடி மாணவன்:
நான் ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிக்கிறேன், 2020-ல் தொடங்கிய படிப்பு. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு இல்லாமல், அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம், அதனால்தான் சேர்ந்தேன். கூடவே உள்ளூர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமும் போகிறது, ஒரே நேரத்தில் இரண்டு டிகிரிக்கு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-ல் வழிவிட்டது. பாடம்தான் ஆன்லைன், இறுதித் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுதுகிறோம். மாமாவிடம் இதைச் சொல்லுங்க.

வாலாஜா வாத்தியார்:
அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் டிகிரி நேரடி டிகிரிக்குச் சமம், 2022 செப்டம்பரில் யுஜிசி இதைத் தெளிவாகவே சொன்னது. ஆனால் அனுமதி படிப்புவாரியாகத் தருகிறார்கள், அதனால் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததோடு நிற்காமல் பி.காம் இருக்கிறதா, இந்த ஆண்டுக்கு உண்டா என்றும் பாருங்கள். இன்ஜினியரிங், நர்சிங், சட்டம் எல்லாம் முழு ஆன்லைனில் கிடையாது. அட்மிஷன் வாங்கித் தருகிறோம் என்று இடையில் வருகிறவர்களிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள், பல்கலைக்கழகம் தன் படிப்பை வெளி ஆட்கள் மூலம் நடத்தும் ஃபிரான்சைஸ் முறைக்கு யுஜிசி அனுமதியே இல்லை. பல்கலைக்கழகத் தளத்தில் நேராகக் கட்டுங்கள். சேர டெப் ஐடி, அதாவது அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவின் மாணவர் அடையாள எண் வேண்டும், அதற்கு முன்னால் படிப்பில் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்ணான ஏபிசி ஐடி, இரண்டையும் தங்கச்சியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆம்பூர் அண்ணன்:
ரொம்ப நன்றிங்க. சம்பள விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், சரி சேரட்டும் என்றுவிட்டார். வீட்டில் லேப்டாப் இல்லை, போன் போதுமா?

குடியாத்தம் அக்கா:
பாடம் கேட்கப் போதும் தம்பி. தேர்வு வீட்டிலிருந்தே கேமரா முன்னால் என்றால் லேப்டாப் கேட்பார்கள், பணம் கட்டுவதற்கு முன்னாலேயே அதை விசாரித்துவிடு.